செஷயரில் ஒரு கோணல் வீடு

பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் இருந்த காலத்தில் என் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், முதலில் பார்ப்பது தூண் நேராக நிற்கிறதா, விட்டம் தொய்ந்திருக்கிறதா, சுவரில் விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத்தான். கல்யாண வீட்டில்கூட மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மனைவி இடித்து இடித்துச் சொல்லியும் போகவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை.

அந்தக் கண்ணோடு இங்கிலாந்தில் ஒரு வீட்டைப் பார்த்தேன். மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் காரில் கூட்டிப்போனார். செஷயர் என்கிற மாவட்டம். காங்கிள்டன் என்ற சிறு ஊரிலிருந்து தென்மேற்கே ஏழு கிலோமீட்டர். சுற்றிலும் பசும்புல் வெளி, கறவை மாடுகள். சாலையை விட்டுத் திரும்பியதும் வீடு தெரிந்தது. நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: “ஐயோ, இது விழப்போகிறதே!”

மருமகன் சிரித்தார். “நானூறு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நிற்கிறது மாமா.”

வீட்டின் பெயர் லிட்டில் மோர்ட்டன் ஹால். கறுப்பு மரச் சட்டங்களும் வெள்ளைச் சுவர்களுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு குழந்தை அளவுகோல் இல்லாமல் வரைந்த படம் போல இருக்கும். மூன்று அடுக்கு. கீழ் அடுக்கைவிட நடு அடுக்கு சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் மேல் அடுக்கு இன்னும் வெளியே. உச்சியில் நீளத்துக்கு ஒரே ஜன்னல் வரிசை, அதன்மேல் கனத்த கல் கூரை. ஒரு கோடும் நேர்க்கோடு இல்லை. சந்தைக்குப் போய்விட்டுத் தலைமேல் பெரிய மூட்டையோடு திரும்பும் கிழவி, கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்து, ஆனால் மூட்டையைக் கீழே போடாமல் நடப்பாள் அல்லவா, அந்த மாதிரி நிற்கிறது.

கட்டியவர்கள் மோர்ட்டன் குடும்பம். ராஜ வம்சம் இல்லை, பெரிய பிரபுக்களும் இல்லை. நிலச்சுவான்தார்கள். நம் பக்கத்தில் சொன்னால் பெரிய பண்ணையார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் எப்படிப் பெரிய ஆட்கள் ஆனார்கள் என்பது கேட்கக் கொஞ்சம் கசப்பான கதை. 1348-ல் இங்கிலாந்தில் கறுப்புச் சாவு என்கிற பிளேக் வந்தது. கிராமம் கிராமமாக ஜனங்கள் செத்தார்கள். உழ ஆளில்லாமல் நிலம் மலிவாகக் கிடைத்தது. பிழைத்தவர்களில் கையில் காசு இருந்தவர்கள் வாங்கிப்போட்டார்கள். மோர்ட்டன்களும் வாங்கினார்கள். இருநூறு வருஷம் கழித்துப் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களிடம் 1,360 ஏக்கர் நிலமும், தண்ணீரில் ஓடும் இரண்டு மாவு ஆலைகளும் இருந்தன. இரும்பு உருக்கும் உலை ஒன்றிலிருந்தும் வருமானம் வந்தது. எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது மடத்து நிலமும் விலைக்கு வந்தது. அதிலும் ஒரு கை பார்த்தார்கள்.

வீட்டைச் சுற்றி அகழி இருக்கிறது. 33 அடி அகலம். கோட்டைக்குத்தானே அகழி வெட்டுவார்கள், வீட்டுக்கு எதற்கு என்று கேட்டேன். சண்டைக்காக இல்லையாம், அந்தஸ்துக்காக. இன்றைக்கு வாசலில் பெரிய காரை நிறுத்தி வைப்பது மாதிரி அன்றைக்கு அகழி. வீட்டைவிட அகழி பழையது. அதன்மேல் ஒரு கல் பாலம், பாலத்தைத் தாண்டினால் வாசல் மாளிகை, அதற்குள்ளே சிறு கூழாங்கல் பாவிய சதுர முற்றம். முற்றத்தைச் சுற்றிக் கட்டடங்கள். நம் பழைய வீடுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த முற்றம் உடனே பிடித்துப்போயிற்று. ஆனால் வானத்தைப் பார்த்தால் கூரை விளிம்புகள் நாலாபக்கமும் உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் தலை சுற்றும். பாலத்தின் பக்கத்திலேயே ஒரு கோபுரம் போல நீட்டிக்கொண்டிருப்பது என்ன என்று பேரன் கேட்டான். கக்கூஸ். நேராக அகழிக்குள் விழும்படி கட்டியிருக்கிறார்கள். பேரனுக்கு அன்று முழுக்க வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை.

இனி வீட்டைக் கட்டிய விதம்.

இந்த வீட்டை ஒரே மூச்சில் யாரும் கட்டவில்லை. முதல் வில்லியம் மோர்ட்டன் 1504-லிருந்து 1508-க்குள் பெரிய கூடத்தையும் அதை ஒட்டிய பகுதியையும் கட்டினார். அவருக்குப் பின் வந்த இரண்டாம் வில்லியம் நூற்றாண்டின் நடுவில் இன்னொரு சிறகைச் சேர்த்தார், கூடத்தையும் மாற்றினார். அவர் மகன் ஜான் 1560 வாக்கில் தெற்குச் சிறகைக் கட்டினார். கடைசியாக 1610 வாக்கில் அடுக்களையும் பீர் காய்ச்சும் கட்டடமும் வந்தன. ஆக நூறு வருஷம். ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதைத் தன் தகப்பன் கட்டியதோடு ஒட்ட வைத்தார்கள். முழு வரைபடம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

கட்டுமான முறையைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். முழுக்க ஓக் மரச் சட்டம். கீழே ஒரு வரிசை கல் பாவி, அதன்மேல் படுக்கை மரம், அதில் தூண், தூணுக்கு மேல் உத்திரம், மூலைக்கு மூலை சாய்வுத் தாங்கிகள். ஒரு மரத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, இன்னொரு மரத்தில் துளை போட்டு, உள்ளே செருகி, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஓக் முளை அடிப்பார்கள். முளை அடிக்கிற துளைகளை ஒன்றுக்கொன்று ஒரு நூல் தள்ளிப் போடுவார்கள். முளை உள்ளே போகப் போகப் பொருத்து இறுகும். மரமும் உலர்ந்த மரம் இல்லை, பச்சை மரம். வெட்டின சூட்டில் செதுக்கச் சுலபம். பிறகு வருஷக்கணக்கில் அது காயக் காயச் சுருங்கி முளையைக் கவ்விக்கொள்ளும். தச்சர்கள் எல்லாவற்றையும் தங்கள் பட்டறையிலேயே தரையில் படுக்க வைத்துப் பொருத்திப் பார்த்து, எந்த மரம் எதோடு சேரும் என்று உளியால் குறி போட்டு, கழற்றி, இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டுவது அந்த நாட்டு வழக்கம்.

சட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கட்டங்களை எப்படி அடைத்தார்கள்? குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, களிமண்ணில் வைக்கோலும் சாணமும் பிசைந்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இந்த முறையை நான் ஆங்கிலப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வரிச்சு கட்டி மண் அப்புவதை என் தாத்தா வீட்டுக் கொட்டிலில் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். கையில் அந்த ஈரச் சாணி மண்ணின் வாசனை இன்னும் இருக்கிறது. சரி, அதை விடுகிறேன்.

இவ்வளவு பேர் கை பட்ட வீட்டில் ஒரே ஒரு தொழிலாளியின் பெயர் எழுதி வைத்திருக்கிறது. 1559-ல் இரண்டாம் வில்லியம் பெரிய கூடத்துக்கு முற்றத்தைப் பார்த்த இரண்டு பெரிய ஜன்னல் மாடங்களைச் சேர்த்தார். பல பட்டை வைத்து, வெளியே துருத்திக்கொண்டு, இரண்டும் மிக நெருக்கமாக, கூரையோடு கூரை முட்டிக்கொள்கிற அளவுக்கு. அந்த மாடத்து மரத்தில் எழுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். கடவுளைச் சொல்லி, வில்லியம் மோர்ட்டன் இன்ன ஆண்டில் செய்வித்தார் என்று சொல்லி, அதோடு நிறுத்தாமல், ரிச்சர்டு டேல் என்ற தச்சர் கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தார் என்றும் எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழைகளோடு. காசு கொடுத்த முதலாளி பெயரோடு வேலை செய்த தச்சர் பெயரும் ஒரே பலகையில். நான் மேற்பார்வை செய்த கட்டடங்களின் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் எத்தனை எத்தனை பெயர்கள். மந்திரி, கலெக்டர், தலைமைப் பொறியாளர். மேஸ்திரி பெயர் ஒன்றிலும் இல்லை. நானும் எழுதச் சொன்னதில்லை.

ஜன்னல் என்று சொன்னால் போதாது. வீடு முழுக்கச் சுமார் 30,000 சிறு கண்ணாடித் துண்டுகள். ஈயப் பட்டையில் கோர்த்து, வட்டம், சதுரம், வைரம் என்று கோலம் போட்ட மாதிரி. பெரிய கண்ணாடி செய்ய வராத காலம், கண்ணாடிக்கு விலை அதிகமான காலம். இத்தனை ஜன்னல் வைத்தது வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை, ஊரார் பார்த்து மூக்கில் விரல் வைக்கட்டும் என்பதற்காகவும்.

இப்போது மூன்றாம் மாடிக்கு வருகிறேன். நான் முழங்கால் வலியோடு படியேறிப் போனதும் அதற்காகத்தான்.

தெற்குச் சிறகை ஜான் மோர்ட்டன் இரண்டு அடுக்காகத்தான் தொடங்கினார். கீழே வாசல், மேலே விருந்தாளிகள் தங்கும் அறைகள். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் பணக்காரர்கள் வீட்டில் ‘லாங் கேலரி’ என்கிற நீளக் கூடம் வைப்பது புது மோஸ்தர். மழை நாளில் வெளியே போக முடியாதபோது உள்ளேயே நடந்து பழக, விளையாட, விருந்தாளிகளுக்குக் காட்ட. பக்கத்து ஊர்க்காரர் வைத்திருக்கிறார், நாமும் வைக்காவிட்டால் எப்படி என்று தோன்றியிருக்க வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போதே இந்த யோசனை வந்ததாகத்தான் கட்டடத்தைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இரண்டு அடுக்குக்குப் போட்ட சட்டத்தின்மேல் மூன்றாவது அடுக்காக 68 அடி நீளக் கூடத்தைத் தூக்கி வைத்துவிட்டார்கள். சரி, மரக் கூடம்தானே என்று விடலாம். ஆனால் கூரைக்கு ஓடும் இல்லை, வைக்கோலும் இல்லை. கற்பலகை. மணற்கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து வேய்ந்திருக்கிறார்கள். அந்தப் பாரம் முழுக்க மேலே, கீழே இருக்கும் அறைகளின் உத்திரங்களோ அதை எதிர்பார்த்துப் போட்டவை அல்ல.

விளைவு கண்முன்னே. கேலரிக்குள் நுழைந்ததும் கால் சொல்லிவிடும். தரைப் பலகைகள் கடல் அலை மாதிரி ஏறி இறங்குகின்றன. இந்தப் பக்கச் சுவர் ஒரு கோணத்தில் வெளியே சாய்கிறது, அந்தப் பக்கச் சுவர் வேறு கோணத்தில். இரு பக்கமும் ஜன்னல், ஒரு ஜன்னல் சட்டமும் சதுரமாக இல்லை. கூரையின் பாரம் சுவர்களை வெளிப்புறம் தள்ளுகிறது. இதைத் தடுக்கப் பிற்பாடு, பதினேழாம் நூற்றாண்டில் போலிருக்கிறது, வளைவுத் தாங்கிகளுக்கு இடையே குறுக்கு உத்திரங்கள் கொடுத்துச் சுவரோடு சுவரைப் பிணைத்திருக்கிறார்கள். கட்டி ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள்ளேயே வீட்டுக்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அங்கே நின்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாங்கள் கான்கிரீட் விட்டத்துக்கு அனுமதித்த தொய்வு அதன் நீளத்தில் 250-ல் ஒரு பங்கு. பதினைந்து அடி விட்டம் என்றால் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் தொய்ந்தால் பைல் திறக்கும், கடிதம் பறக்கும். இந்த வீட்டில் அந்தக் கணக்கை வைத்தால் ஒரு அறைகூடத் தேறாது.

பின் ஏன் விழவில்லை? யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. ஓக் மரம் பாரம் ஏற ஏற மெதுவாக வளையும், வருஷக்கணக்கில் வளையும், ஆனால் பட்டென்று ஒடியாது. முளை அடித்த பொருத்துகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒரு தூண் அமுங்கினால் அதன் பாரத்தைப் பக்கத்துத் தூண் வாங்கிக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவனுக்கு வேலை போனால் மற்றவர்கள் தாங்குகிற மாதிரி. ஆக வளைவு என்பது இங்கே வியாதி இல்லை, வீடு தன் பாரத்தோடு பேசி முடித்த ராஜி. வளைந்து முடித்து, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டடத்துக்கு உண்மையான எமன் ஈரம். கூரை ஒழுகி, பொருத்துக்குள் தண்ணீர் இறங்கி, முளை மக்கிவிட்டால் அப்போது கணக்கெல்லாம் மாறும்.

இதை எழுதும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தைப் பார்வையிட அனுப்பினார்கள். ஊரும் பெயரும் வேண்டாம். மாடி. தேக்கு விட்டங்கள். நடுவில் இருந்த விட்டம் நன்றாகத் தொய்ந்திருந்தது. நான் நூல் பிடித்து அளந்து, ‘பயன்படுத்தத் தகுதியற்றது, இடித்துவிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியது விதிப்படி சரி. ஆனால் மரத்தைக் கத்தியால் குத்திப் பார்க்கவில்லை, சுவருக்குள் போகும் முனையை உடைத்துப் பார்க்கவில்லை, எத்தனை வருஷமாக அந்தத் தொய்வு அப்படியே இருக்கிறது என்று அங்கே வேலை செய்த வயதான பியூனைக்கூடக் கேட்கவில்லை. இடிக்கும்போது போயிருந்தேன். விட்டத்தை இறக்க ஆட்கள் படாதபாடு பட்டார்கள். குறுக்கே அறுத்ததும் உள்ளே தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. ஒரு பூச்சி அரிப்பு இல்லை. ஏலம் எடுத்தவர் என்னைப் பார்த்து, “இன்னும் நூறு வருஷம் நின்றிருக்கும் சார்” என்று சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு அன்று நல்ல லாபம்.

அந்த மரத்து நிறம் எனக்குச் செஷயரில் ஞாபகம் வந்தது.

மோர்ட்டன் வீடு பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கட்டடக்கலை இல்லை. கடன்.

1642-ல் இங்கிலாந்தில் ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுப் போர் வந்தது. மோர்ட்டன்கள் ராஜா கட்சி. தோற்ற கட்சி. சொத்துப் பறிமுதலானது, வீட்டில் எதிர்த்தரப்புச் சிப்பாய்கள் வந்து உட்கார்ந்தார்கள். சொத்து பின்னால் திரும்பக் கிடைத்தாலும் குடும்பம் நிமிரவில்லை. அப்போதைய வில்லியம் மோர்ட்டன் 1654-ல் இறந்தபோது விட்டுப்போனது மூவாயிரத்துக்கும் நாலாயிரம் பவுனுக்கும் இடையில் கடன். அந்தக் காலத்தில் அது மலை. 1670-களின் கடைசியில் குடும்பம் இந்த வீட்டில் வசிப்பதையே விட்டுவிட்டுக் குத்தகை விவசாயிகளுக்கு வாடகைக்கு விட்டது.

அடுத்த நூறு வருஷத்தில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் எல்லாரும் என்ன செய்தார்கள் தெரியுமா? இந்த மாதிரி மர வீடுகளை ‘பட்டிக்காட்டுத்தனம்’ என்று இடித்துத் தள்ளிவிட்டுச் செங்கல்லிலும் கல்லிலும் நேர் நேராக, ஜன்னலுக்கு எதிர் ஜன்னல் வைத்து மாளிகை கட்டினார்கள். மோர்ட்டன்களிடம் இடிக்கக்கூடக் காசில்லை. அதனால் வீடு தப்பித்தது. பணம் மட்டும் இருந்திருந்தால் இன்று அந்த இடத்தில் நூற்றோடு நூற்றொன்றாக ஒரு செங்கல் மாளிகைதான் இருந்திருக்கும், நான் படியேறியிருக்க மாட்டேன்.

தப்பித்தது என்றாலும் நல்லபடியாக இல்லை. 1847-ல் பெரும்பாலான அறைகளில் ஆளில்லை. வீட்டுக்குள் இருந்த சிறு தேவாலயத்தில் கரி மூட்டை போட்டு வைத்திருந்தார்கள். ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். கூரை மக்கிப்போயிருந்தது. குத்தகைக்கு இருந்த விவசாயக் குடும்பத்தின் பெயர் டேல். ஜன்னல் செய்த தச்சரின் அதே குடும்பப் பெயர். இந்தச் சமயத்தில்தான் ஓவியர்களும் கதை எழுதுகிறவர்களும் வீட்டைத் தேடி வரத் தொடங்கினார்கள். பாழடைந்ததில் ஒரு அழகு கண்ட காலம் அது. அமீலியா எட்வர்ட்ஸ் என்ற எழுத்தாளர் 1880-ல் தன் நாவல் ஒன்றுக்கு இந்த வீட்டைக் களமாக வைத்தார்.

1892-ல் வீடு எலிசபெத் மோர்ட்டன் என்ற பெண்மணிக்கு வந்தது. சகோதரி இறந்து, அவர் வழியாக வந்த சொத்து. எலிசபெத் கன்னியாஸ்திரி. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, தனக்கென்று ஒரு ஆசையும் இருக்கக்கூடாத வாழ்க்கை. அவர் கையில் வந்து சேர்ந்தது ஒழுகுகிற கூரையும் சாய்கிற சுவரும். முதல் வேலையாகக் கரிக் கிடங்காக இருந்த தேவாலயத்தைச் சுத்தம் செய்து மறுபடி வழிபாட்டுக்குத் தயார் செய்தார். லாங் கேலரி மேலும் பிளக்காமல் இருக்க இரும்புக் கம்பிகள் கொடுத்து இழுத்துக் கட்டியதும் அவராகத்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள். 1912-ல் தூரத்து உறவினரான சார்லஸ் ஆப்ரகாம் என்ற பாதிரியாருக்கு (பிஷப் அவர்) வீட்டை எழுதி வைத்தார். ஒரு நிபந்தனையோடு. எந்தக் காலத்திலும் இதை விற்கக் கூடாது.

பிஷப்பின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். விற்கக் கூடாது. பராமரிக்கப் பணம் வேண்டும். அவர் வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார். ஆளுக்கு ஆறு பென்ஸ் கட்டணம். வாசலில் உட்கார்ந்து வசூல் செய்தது அதே டேல் குடும்பம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இப்படி ஓட்டினார். கடைசியில் 1938-ல் அவரும் அவர் மகனும் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார்கள். விற்கவில்லை. கொடுத்தார்கள். கன்னியாஸ்திரிக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நின்றது. கிட்டத்தட்ட 450 வருஷம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது அன்றோடு முடிந்தது. டேல் குடும்பத்தார் 1945 வரை அங்கே பயிர் செய்தார்கள், அதற்குப் பிறகும் 1955 வரை காவலாக இருந்தார்கள். சொந்தக்காரர்களைவிடக் குத்தகைக்காரர்களுக்குத்தான் அந்த வீட்டின் ஒழுக்கும் சத்தமும் நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

டிரஸ்ட் கைக்கு வந்த பிறகு நடந்த பராமரிப்பில் இரண்டு விஷயம் எனக்குச் சுவையாக இருந்தது. ஒன்று, அந்தக் கறுப்பு வெள்ளை. இதுதான் அசல் நிறம் என்று எல்லாரும் நினைக்கிறோம். இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு விக்டோரியா ராணி காலத்தவர்கள் அடித்த நிறம் அது. மோர்ட்டன்கள் காலத்தில் ஓக் மரத்துக்கு வர்ணமே கிடையாது. வெயிலும் மழையும் பட்டு அது வெள்ளி சாம்பல் நிறத்துக்கு மாறும். நடுவில் இருக்கும் சுவருக்கு மஞ்சள் காவி. நம் கிராமத்து வீடுகளைப் போல. பழசு என்று நாம் பத்திரப்படுத்துவதில் பாதி, இடையில் யாரோ மாற்றியதுதான் போலிருக்கிறது. ஆனாலும் இப்போது கறுப்பைச் சுரண்டி எடுக்கப் போவதில்லை. அதுவும் இப்போது சரித்திரம் ஆகிவிட்டது.

இரண்டாவது, 1976-ல் ஒரு அறையில் பிற்காலத்து மரப் பலகையைக் கழற்றியபோது பின்னால் ஓவியம் கிடைத்தது. சூசன்னாவும் கிழவர்களும் என்ற விவிலியக் கதை. பொய்ப் பழி சுமத்தப்பட்ட ஒரு பெண், இளைஞன் தானியேல் குறுக்கு விசாரணை செய்து அவளைக் காப்பாற்றுகிற கதை. அதற்குக் கீழே சலவைக்கல் மாதிரியும் மரவேலை மாதிரியும் வர்ணத்திலேயே ஏமாற்று வேலை. நிஜ மர வேலைப்பாட்டுக்குச் செலவு செய்யாமல் பெயிண்ட் அடித்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்! ஓவியத்தில் ஜான் மோர்ட்டனின் பெயரெழுத்துகளும் குடும்பச் சின்னமான ஓநாய்த் தலையும் இருப்பதால், அவர் இறந்த 1598-க்கு முந்தையது என்று காலம் கணித்தார்கள்.

இன்று இது அரசாங்கப் பட்டியலில் முதல் வகுப்புக் கட்டடம். இங்கிலாந்தில் இந்தப் பட்டியலை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. போரில் குண்டு விழுந்து ஊர் ஊராக இடிந்த பிறகு, எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு கணக்கு தேவைப்பட்டது. மொத்தப் பட்டியலில் முதல் வகுப்பில் வருவது நூற்றுக்கு இரண்டரை மட்டும். பட்டியலில் வந்துவிட்டால், சொந்தக்காரரே ஆனாலும் அனுமதி இல்லாமல் கட்டடத்தின் தன்மை மாறும்படி எதையும் செய்யக்கூடாது. செய்தால் அபராதம் என்பதோடு நிற்காது, அது கிரிமினல் குற்றம். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. என் கையெழுத்தை நினைத்துக்கொண்டதும் அப்படித் தோன்றவில்லை.

கேலரியின் இரு கோடியிலும் மேலே முக்கோணச் சுவரில் சுதையில் இரண்டு பெண் உருவங்கள் இருக்கின்றன. ஒருத்தி அதிர்ஷ்ட தேவதை, சக்கரத்தோடு. அவளை ஆள்வது அறியாமை என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. எதிர்க்கோடியில் இருப்பவள் விதி, கோளத்தோடு. அவளை ஆள்வது அறிவு என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ராபர்ட் ரெக்கார்டு என்ற கணித மேதை 1556-ல் வெளியிட்ட வான நூலின் முகப்புப் படத்திலிருந்து எடுத்தவை. நாம் கணக்கில் போடுகிற சமக்குறி (=) இருக்கிறதே, அதை அடுத்த வருஷமே இன்னொரு நூலில் அறிமுகப்படுத்தியவர் இதே ரெக்கார்டு. அறிவுதான் விதியை ஆளும் என்று எழுதி வைத்த கூடத்தைத்தான் பாரம் கணக்குப் பார்க்காமல் தூக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே நின்றிருந்த வழிகாட்டி அம்மாள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். என் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவரும் சிரித்துவிட்டு, சுவர்ப் பலகையைக் காட்டி ஒரு செய்தி சொன்னார். அந்தப் பலகைகளுக்குப் பின்னால் பதினேழாம் நூற்றாண்டின் ஆரம்பத்து டென்னிஸ் பந்துகள் நான்கு கிடைத்தனவாம். யாரோ அடித்து, இடுக்கில் போய் விழுந்து, எடுக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனவை.

பேரனுக்கு அப்போதுதான் கக்கூஸ் மறந்தது. தன் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து, “தாத்தா, இந்தத் தரையில் உருட்டினால் எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டான். உருட்டக் கூடாது என்று வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் அது எந்தப் பக்கம் போகும் என்று நானும் குனிந்து தரையைப் பார்த்தேன். நடு ஜன்னல் வரை இறங்கும், அங்கே ஒரு மேடு, அதில் தட்டி இடது பக்கம் திரும்பும். அவன் வலது பக்கம் என்றான். இறங்கி வரும் வரை வாதாடிக்கொண்டே வந்தோம்.